போர்வெல் தண்ணீரும் உப்பும்: வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று எங்கே தண்ணீர்ப் பேச்சு எழுந்தாலும் இதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் பிடிக்காமல் போகலாம், முக்கியமாக முதல் பதில்.

எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

கடலை ஒட்டிய தெருக்களில் வராது. பெரும்பாலும் இன்னும் மோசமாகத்தான் வரும். போர் போடுகிறவர் "இறக்கித்தான் பார்ப்போமே" என்பார். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்?

மணல் நிலத்தில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் கடலோரக் கிணறுகளின் பிழைப்பே இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் பாரம் கீழே சுமார் 40 அடி வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடியை நாம் உறிஞ்சித் தீர்த்தால், இன்றில்லாவிட்டாலும் நாளடைவில் கீழே 40 அடிக்கு உப்பு ஏறி வரும்.

மோட்டார் ஓடும்போது இன்னொன்றும் நடக்கிறது. குழாயின் வாய்க்கு நேர் கீழே இருக்கும் உப்புநீர் கூம்பு போல மேலெழும்புகிறது. பெரிய குதிரைத்திறன் மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினால் அந்தக் கூம்பின் முனை குழாயைத் தொட்டுவிடும். காலையில் நல்லதாக வந்த தண்ணீர் மதியம் கரிப்பதற்குக் காரணம் பல வீடுகளில் இதுதான். எனவே இங்கே செய்ய வேண்டியது நேர் எதிரானது: ஆழம் குறைந்த உறைகிணறு, சிறிய மோட்டார், சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, நீர் ஊறிய பிறகு மறுபடி ஓட்டுவது.

மணலில் ஆழமற்ற கிணறு போதும் என்பது வடசென்னைக்குப் புதிய பாடம் அன்று. ஏழுகிணறு என்று ஒரு பகுதிக்கே பெயர் வரக் காரணமான கிணறுகள் 1772-ல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டப்பட்டவை. மழை பெய்து மணலில் இறங்கிய தண்ணீர்தான் அவற்றில் ஊறியது. இன்று அதே மண்ணின் மேல் சிமென்ட் பூசிவிட்டு, அடியில் தண்ணீர் இல்லையே என்று தேடுகிறோம்.

ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் மறுபடி இறங்காதா?

இறங்கும். ஆனால் ஏறிய வேகத்தில் இறங்காது. இதற்கு மீஞ்சூரைப் பார்த்தால் போதும்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து நிலத்தடி நீருக்கு இருப்பிடம். 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு நடத்தி, அங்கே கிணற்று வயல்கள், அதாவது ஒரே இடத்தில் பல ஆழ்கிணறுகள், அமைத்தார்கள். நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் வந்தது. அதே நிலத்தில் உழவர்களின் பம்புசெட்டுகளும் இரவு பகலாக ஓடின. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கடலுக்குக் கவலை இல்லை. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்புநீர், 1983-க்குள் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அதன் பிறகும் அது நின்றுவிடவில்லை. ஆற்று மணலை அள்ளியது நிலைமையை இன்னும் கெடுத்தது: மணல் போன இடத்தில் மழைநீர் தங்கி இறங்கவும் வழியில்லை.

நெல் விளைந்த ஊர்கள் சிலவற்றில் கிணற்று நீர் பயிருக்கும் ஆகாமல் போனது. தடுப்பணைகள் கட்டிய இடங்களிலும், நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் உப்பு கொஞ்சம் பின்வாங்குகிறது. மழை பொய்த்தால் மறுபடி முன்னேறுகிறது. உறிஞ்சுவதைக் குறைக்காமல் தடுப்பணை மட்டும் கட்டினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

எங்களுக்குப் போரே இல்லை. லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான். அப்படியென்றால் நிலத்தடி நீரை நாங்கள் செலவழிக்கவில்லை அல்லவா?

செலவழிக்கிறீர்கள், வேறு ஊரின் நிலத்தடி நீரை. தனியார் லாரியில் வருவது பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு வயல் கிணற்றில் இறைத்தது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று நிலத்துக்காரர் கணக்குப் போடுகிறார். பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு வற்றுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது நகரம் முழுக்க ஓடிய லாரிகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை.

என் நிலம், என் போர். எவ்வளவு எடுத்தால் யாருக்கு என்ன?

இந்த எண்ணத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தன் நிலத்தடியில் இன்ன வழி என்றில்லாமல் கிடக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்று ஆங்கிலேயர் காலத்தில் எழுதி வைத்தார்கள். மாடு பூட்டும் கவலையும் ஏற்றமும் போட்டு இறைத்த காலத்தில் அதனால் பெரிய சேதம் இல்லை. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது என் கருத்து. அரை கிரவுண்டு மனையில் உங்கள் மோட்டார் எடுப்பதில் ஒரு பங்கு பக்கத்து வீட்டின் அடியிலிருந்து வருகிறது. மதில் சுவர் தரைக்கு மேலேதான் இருக்கிறது.

சென்னைக்கென்று தனிச் சட்டமும் உண்டு: சென்னை மாநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், 1987. புதிய கிணறோ போரோ போட முன் அனுமதி வேண்டும். வீட்டு உபயோகம் அல்லாத வேலைகளுக்கு எடுக்கவும், லாரியில் ஏற்றிச் செல்லவும் உரிமம் வேண்டும். இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாத போர்க்காரர் கிடையாது. அனுமதி கேட்கும் வீட்டுக்காரர்தான் குறைவு.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே போட்டுவிட்டோம். அது போதாதா?

போய்த் திறந்து பாருங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டு வந்தாலும் சரி.

2003-ல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம், பலன் கொடுத்த சட்டம். ஆனால் அவசரத்தில் போட்டவை பல. சில வீடுகளில் மாடிக் குழாய் சுவரோடு இறங்கி, தரைக்கு அரை அடி மேலேயே நின்றுவிடும். அதன் கீழே தொட்டி என்று எதுவும் இருக்காது. சில வீடுகளில் தொட்டி இருக்கும், மூடியைத் தூக்கினால் வேப்பிலைச் சருகு, பால் கவர், வெள்ளையடித்த சுண்ணாம்பு, அதற்கு அடியில் களி போல இறுகிய சேறு. ஜல்லி எங்கே என்று கரண்டியால் தோண்டித் தேட வேண்டும். அப்படிப்பட்ட தொட்டியில் மழைநீர் இறங்காது, நிறைந்து வழிந்து தெருவுக்குப் போகும், அங்கிருந்து வடிகால் வழியாகக் கடலுக்கு.

ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் இதைச் செய்யுங்கள்: மாடியைப் பெருக்குங்கள். தொட்டியின் மேல் மணலை அள்ளிக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள், அல்லது புது மணல் போடுங்கள். ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவுங்கள். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட ஒரு திருப்பு வால்வு வையுங்கள், ஏனென்றால் அது மாடியின் அழுக்கையெல்லாம் கொண்டுவரும். எண்ணூர், மணலி பக்கம் கரியும் சாம்பலும் சேர்ந்து வரும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள்.

மண்ணைப் பொறுத்து முறை மாறும். கடலோர மணலில் செங்கல் சில்லு நிரப்பிய ஆறடிக் குழியே போதும். உள்ளே தள்ளிய பகுதிகளில் களிமண் தட்டுப்படும் இடங்களில் குழி வெட்டினால் அது குளமாகத்தான் நிற்கும். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரை ஒரு சிறிய போர் இறக்கி, குழியின் அடியில் சேர்க்க வேண்டும். வீட்டில் பழைய கிணறு இருந்தால், வடிகட்டிய மாடித் தண்ணீரை அதிலேயே விடுங்கள். அதைவிட நல்ல வழி கிடையாது. பாழுங்கிணறு என்று குப்பை போட்டு மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்றால், சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 600 சதுர அடி மாடியில் விழுவது சுமார் 78,000 லிட்டர். சிந்தியது, காய்ந்தது போக 60,000 லிட்டர் என்று வைத்தாலும் 12,000 லிட்டர் லாரி ஐந்து.

ஒரு எச்சரிக்கை: தெருவில் ஓடும் மழைநீரைக் கிணற்றுக்குள் திருப்பாதீர்கள். சாக்கடையும் வண்டி எண்ணெயும் கலந்தது அது. மாடித் தண்ணீர் மட்டும்தான்.

காலையில் முதல் குடத்தில் சாக்கடை நாற்றம் வருகிறது. நிலத்தடி நீர் கெட்டுவிட்டதா?

எந்தத் தண்ணீர் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். குடிநீர் வாரியக் குழாயில் மட்டும் நாற்றம் என்றால் அது நிலத்தடி நீரின் குற்றம் அன்று. தண்ணீர் விட்டுவிட்டு வருவதால், வராத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கிறது. குறுகிய சந்துகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்திலேயே போகின்றன. குடிநீர்க் குழாயில் விரிசல் இருந்தால், காலியான நேரத்தில் வெளியே தேங்கிய கழிவு உள்ளே கசிகிறது. இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் அந்தக் கழிவை நாமே கூப்பிட்டு உள்ளே இழுக்கிறோம். "எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நான் வைக்காவிட்டால் எனக்கு ஒரு சொட்டும் வராது" என்பது உண்மைதான். தெரு முழுக்க ஒரே நாளில் எடுத்தால்தான் இது தீரும். குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுத்து, பதிவு எண்ணை எழுதி வையுங்கள். சரியாகும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

போரில் மட்டும் நாற்றம் என்றால் இரண்டு வகை. அழுகிய முட்டை வாடை, காற்றோட்டம் இல்லாத ஆழத்தில் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வாயு. மலக்கழிவு வாடையோ நுரையோ வந்தால், செப்டிக் டேங்கோ தெருக் கழிவுநீர்க் குழாயோ கசிகிறது. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். நம் மனைகளின் மொத்த நீளமே அவ்வளவு இல்லை என்பது தெரியும். அதனால்தான், கழிவுநீர் இணைப்பு கிடைக்கும் தெருவில் செப்டிக் டேங்கை இன்னும் வைத்திருப்பது தன் கிணற்றில் தானே கழிவைக் கலப்பதற்குச் சமம்.

பிடித்து வைத்தால் மஞ்சளாகிறது.

இரும்பு. தேயிலைத் தண்ணீர் கறுத்துப் போவதும் இதனால்தான். பெரிய ஆபத்து இல்லை, துணிதான் பாழாகும். திறந்த தொட்டியில் அருவி போல விழவிட்டு, ஓர் இரவு தெளியவிட்டு, மணலில் வடிகட்டினால் பெரும்பகுதி போய்விடும்.

தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால்?

மோட்டாரை நிறுத்துங்கள். அடுப்போ தீக்குச்சியோ அருகில் வேண்டாம். காய்ச்சிக் குடிக்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

2013-ல் தண்டையார்பேட்டையில் இதுதான் நடந்தது. பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீட்டுப் போர்களில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டத்தோடு மேலே ஏறி, கோடையில் கீழே இறங்கி, போகிற வழியெல்லாம் மணலில் பூசிக்கொண்டே போகும். குழாயை அடைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வாடை தலைகாட்டுவது இதனால்தான். வாடை வந்த அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து, அவரவர் போரிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதியும் கதவிலக்கமும் ஒட்டிக் கொண்டுபோங்கள். தனியாகப் போகிறவரிடம் "உங்கள் தொட்டியைக் கழுவினீர்களா" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

சிறிய அளவில் நாமும் இதைத்தான் செய்கிறோம். மெக்கானிக் கடைகளில் வடிக்கும் பழைய எஞ்சின் ஆயில் எங்கே போகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். அதை வாங்கிச் சுத்திகரிப்பவர்கள் இருக்கிறார்கள். கேனில் சேர்த்துக் கொடுக்கலாம்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு அருகில் இருக்கிறோம். காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், அவ்வளவுதான். பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பையின் ஊடே மழை இறங்கிக் கறுப்புச் சாறாகிக் கீழே போகிறது. அதில் உலோகங்களும் உப்புகளும் இருக்கும். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகும், அவை இன்னும் செறிவாகும். நைட்ரேட்டும் அப்படித்தான், அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் கைக்குழந்தையின் பாலுக்குக் காய்ச்சிக் கலப்பது ஆபத்து. குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்கும் வேலை மாநகராட்சியில் நடக்கிறது. குப்பை போனாலும் மண்ணுக்குள் இறங்கிய சாறு கூடவே எழுந்து போகாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீரைக் கழுவவும் துடைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சோதிப்பது? டி.டி.எஸ். மீட்டர் வாங்கினால் போதுமா?

மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும். கிருமி, பெட்ரோல், ஈயம் எதையும் காட்டாது. 150 காட்டும் தண்ணீரில் சாக்கடையும் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. குளோரைடு 250-க்குள், வழியில்லாவிட்டால் 1,000. மாதம் ஒருமுறை மீட்டரில் பார்த்து சுவர்க் காலண்டரில் குறித்து வந்தால், உப்பு ஏறுகிறதா என்பதை நாக்குக்கு முன்பே அது சொல்லிவிடும். அந்த வேலைக்கு மீட்டர் உகந்தது.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: குளோரைடு, மொத்தக் கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி. தொழிற்சாலையோ குப்பைமேடோ அருகில் இருந்தால் கன உலோகங்களும். கோடை முடிவில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை.

வீட்டு வாசலில் இரண்டு கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டு, மின்சாரம் பாய்ச்சிப் பழுப்பாக்கிக் காட்டி சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருவார்கள். அந்தப் பழுப்பு அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்பு உள்ள எந்தத் தண்ணீரிலும் அப்படித்தான் ஆகும். கதவைச் சாத்துங்கள்.

ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரை மழைநீர்க் குழியில் விடுகிறோம். நல்ல காரியம்தானே?

இல்லை. இயந்திரம் பிரித்தெடுத்த உப்பையெல்லாம் திரும்ப அதே நிலத்துக்கு ஊட்டுகிறீர்கள். கழிப்பறை கழுவ, தரை துடைக்கப் பயன்படுத்திவிட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். செடிக்கும் வேண்டாம். வாரியத் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்.ஓ. பெரும்பாலும் தேவையே இல்லை. கொதிக்கவைத்து ஆறவைப்பது போதும்.

தொழிற்சாலைகள் கோடிக்கணக்கில் உறிஞ்சும்போது, நாங்கள் குடம் குடமாகச் சேமித்து என்ன ஆகப்போகிறது?

கோபம் நியாயம். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-ல் கடுமையாக மாசுபட்ட தொழில் பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கொட்டியதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதும் ஊரறிந்தவை.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தண்ணீரை மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019-ல் இயங்கத் தொடங்கியது. ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் அந்த அளவுக்கு மிச்சம். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் 2010-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு வந்தது. இவை வந்துவிட்டதால் இனி நிலத்தடி நீர் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே பதில்: ஆலைக்கு மின்சாரம் வேண்டும், குழாய் உடையாமல் இருக்க வேண்டும். கிணற்றுக்கு ஒரு வாளியும் கயிறும் போதும்.

உங்கள் தெருவில் உப்பு ஏறுவதற்கோ, போரில் மலக்கழிவு வருவதற்கோ மணலி காரணம் அன்று. அது தெருவே சேர்ந்து செய்தது.

பழைய போர் வற்றிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. திறந்து கிடக்கும் போர் குழந்தைகளுக்கு எமன். கைவிட்ட போர்களை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. மூடி போட்டு மறைத்தாலும் பாதி வேலைதான். மேலே தேங்கும் சாக்கடை அந்தக் குழாய் வழியாக நேராக ஆழத்து நீரில் இறங்கும். மண் வடிகட்டும் வாய்ப்பே கிடையாது. பாத்ரூம் தண்ணீரை அதில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெருவுக்கே செய்யும் துரோகம் அது.

போரில் இன்னும் நீர் நிற்கிறது, தண்ணீரும் சுத்தம் என்றால், வடிகட்டிய மாடித் தண்ணீரை மட்டும் அதில் இறக்கி உயிர்ப்பிக்கப் பாருங்கள். இல்லையென்றால் மோட்டாரையும் குழாயையும் உருவிவிட்டு, அடியிலிருந்து மணலும் அதன் மேல் களிமண்ணும் கெட்டிக்க கெட்டிக்க நிரப்பி, மேல் சில அடிகளுக்கு சிமென்ட் கலவை ஊற்றி மூடச் சொல்லுங்கள். கட்டடச் சிதிலம், பழைய துணி, பிளாஸ்டிக் எதையும் உள்ளே தள்ள விடாதீர்கள். ஆள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், ஏனென்றால் இரண்டு கூடை மண்ணைப் போட்டுவிட்டு நிறைந்துவிட்டது என்று சொல்வார்கள்.